விற்க முடியாத ஆப்ஷன்: பாளையங்கோட்டை ஊழியர் ஒருவரின் ஈசாப் கணக்கு

நிகழ்வு ஆய்வு

பங்குச் சந்தையில் பட்டியலான மென்பொருள் நிறுவனம் ஒன்று. அதன் கங்கைகொண்டான் கிளையில், காலாண்டுக் கணக்குகளைத் தொகுக்கும் பிரிவில் ஒருவர் வேலை பார்க்கிறார், வீடு பாளையங்கோட்டை. 2021 ஜூலை 1 அன்று அவருக்கு 1,200 ஈசாப் (ஊழியர் பங்கு ஆப்ஷன்) கொடுத்தார்கள். ஒரு பங்கை ₹400-க்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. நான்கு ஆண்டுகளில், ஆண்டுக்கு 300 வீதம் வெஸ்ட் ஆகும், அதாவது உரிமை உறுதியாகும். வெஸ்ட் ஆனதை அடுத்த ஐந்து ஆண்டுக்குள் எக்ஸர்சைஸ் செய்யலாம், அதாவது ₹400 கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் பங்கின் விலை ₹1,000. சென்னையிலிருந்து வேறொரு வேலைக்கு அழைப்பும் வந்திருக்கிறது. கே.டி.சி. நகரில் ஒரு மனை பார்த்து வைத்திருப்பதால் பணமும் தேவை.

இது மாதிரி நிகழ்வு. விலைகளைக் கணக்கு எளிதாக வரும்படி வைத்திருக்கிறோம். விதிகளும் வரி விகிதங்களும் 2024-25 நிதியாண்டில் நடைமுறையில் இருந்தவை.

அவருடைய மச்சினன் வண்ணார்பேட்டையில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் கணக்கு வைத்து ஆப்ஷன் வியாபாரம் செய்பவர். அவர் சொன்ன யோசனையிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது: "அத்தான், ஒங்க கம்பெனிப் பங்குக்கு ஸ்க்ரீன்ல கால் ஓடுது. ஆயிரம் ஸ்ட்ரைக் ஜனவரி கால் நாப்பது ரூவா. லாட்டுக்கு அறுநூறு. ரெண்டு லாட் ரைட் பண்ணி விட்டா நாப்பத்தெட்டாயிரம் கைல நிக்கும். ஒங்க ஆப்ஷன் சும்மாதான கெடக்கு?"

குறித்த விலைக்கு (ஸ்ட்ரைக்) பங்கு வாங்கும் உரிமைதான் கால். அந்த உரிமையை இன்னொருவருக்கு எழுதி விற்பது ரைட் பண்ணுவது. லாட் என்பது ஒரு கட்டாக வியாபாரமாகும் பங்குகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஆப்ஷன், இரண்டிலும் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்றை விற்கலாம், மற்றதை விற்க முடியாது. மற்ற வேறுபாடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

மனை வியாபாரத்தில் அட்வான்ஸ் போட்டு விலை பேசி அக்ரிமெண்ட் எழுதுகிறார்கள். கெடு முடிவதற்குள் விலை ஏறினால், அந்த அக்ரிமெண்டையே லாபத்துக்கு வேறொருவருக்குக் கைமாற்றி விடுவதும் உண்டு. சந்தையில் ஓடும் கால் ஆப்ஷன் அந்த வகை. ஈசாப் அப்படியில்லை, கைமாற்றக்கூடாது என்று எழுதிய அக்ரிமெண்ட் அது. 2014-ஆம் ஆண்டின் கம்பெனிகள் (பங்கு மூலதனம், கடன் பத்திரங்கள்) விதிகளில் 12-ஆவது விதி, ஊழியர் ஆப்ஷனை யாருக்கும் மாற்றக்கூடாது, அடகு வைக்கக்கூடாது என்று நேராகவே சொல்கிறது. பட்டியலான கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2021 விதிமுறைகளும் அதையேதான் சொல்கின்றன.

எதிரில் இருப்பவர் யார் என்பதும் வேறு. தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ.யில் கால் வாங்கினால், விற்றவர் தூத்துக்குடிக்காரரா டெல்லிக்காரரா என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். வியாபாரத்தைத் தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் நடுவில் நின்று பொறுப்பேற்கிறது. அந்த வியாபாரத்தில் கம்பெனிக்குப் பங்கில்லை. ஏற்கெனவே சந்தையில் உள்ள பங்குதான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. ஈசாப்பில் எதிரில் நிற்பது கம்பெனியேதான். பெரும்பாலும் அது புதிதாகப் பங்கு வெளியிடும், ₹400 கம்பெனிக் கணக்கில் சேரும், மற்ற பங்குதாரர்களின் பங்கு விகிதம் அந்த அளவுக்கு நீர்க்கும். இதனால்தான் திட்டத்துக்கே பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவைப்படுகிறது.

காலக்கெடுவும் ஒத்துப்போகாது. பங்குகள்மீதான ஆப்ஷன் என்.எஸ்.இ.யில் 2001 ஜூலையில் வந்தது. நடப்பு மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று மூன்று கெடுக்கள்தான் அதில் ஓடும். 2011 முதல் அது ஐரோப்பிய முறை: உரிமையைக் கெடு நாளில்தான் பயன்படுத்த முடியும், ஆனால் இடையில் எந்த நிமிடமும் விற்று வெளியேறலாம். ஈசாப் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெஸ்ட் ஆனபின் வேண்டிய நாளில் எக்ஸர்சைஸ் செய்யலாம். முதல் வெஸ்டிங்குக்குக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை ஆண்டு நீளும், விலகினால் எத்தனை நாள் என்பதெல்லாம் கம்பெனியின் திட்டப் பத்திரத்தில் இருக்கும்.

கையில் உண்மையில் எவ்வளவு

1,200 ஆப்ஷன், பங்குக்கு ₹600 லாபம், மொத்தம் ₹7,20,000. எல்லோரும் முதலில் போடும் கணக்கு இது. மனைக்கு விலை பேசும்போதும் இந்த எண்தான் மனதில் ஓடும்.

டிசம்பரில் வெஸ்ட் ஆனவை 900 மட்டுமே. கடைசி 300, 2025 ஜூலை 1-க்கு முன் விலகினால் காலாவதி. ஆக ₹1,80,000 அங்கேயே போகிறது. மீதி 900-ஐ எக்ஸர்சைஸ் செய்ய, பங்குக்கு ₹400 வீதம் ₹3,60,000 கட்ட வேண்டும். அதோடு, எக்ஸர்சைஸ் நாளின் சந்தை மதிப்புக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளத்தோடு சேரும் சலுகை வருமானம். பங்கை விற்றாலும் விற்காவிட்டாலும் அதற்கு வரி உண்டு. பட்டியலான பங்கு என்றால் அன்றைய தொடக்க விலை, முடிவு விலை இரண்டின் சராசரிதான் சந்தை மதிப்பு. காலையில் ₹990, மாலையில் ₹1,010 என்றால் ₹1,000. அப்போது 900 × 600 = ₹5,40,000 சம்பளத்தில் ஏறும். இவர் 30% அடுக்கில் இருப்பவர். 4% செஸ் சேர்த்து 31.2% என்றால் வரி ₹1,68,480.

ஆகப் புரட்ட வேண்டிய பணம் ₹5,28,480. கைக்கு வரும் பங்கின் மதிப்பு ₹9,00,000. அன்றே முழுவதும் விற்றால் மிஞ்சுவது ₹3,71,520, அதிலும் விற்பனை வரியும் புரோக்கர் கட்டணமும் சிறிது கழியும். ஏழு லட்சத்து இருபதாயிரம் என்று நினைத்திருந்தது பாதியாகிவிட்டது.

விற்காமல் வைத்திருந்து விலை ₹700-க்கு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். பங்குகள் ₹6,30,000-க்குத்தான் போகும். கட்டிய ₹5,28,480-ஐக் கழித்தால் மிச்சம் ₹1,01,520. வரி கட்டியது ₹1,000 விலைக்கு. அது திரும்பி வராது. இறங்கிய ₹2,70,000 குறுகிய கால மூலதன நட்டம். வேறு மூலதன ஆதாயம் இருந்தால் அதில் கழிக்கலாம், எட்டு ஆண்டு வரை எடுத்தும் செல்லலாம், ஆனால் சம்பளத்தில் கழிக்க முடியாது. எக்ஸர்சைஸ் செய்து வரியும் கட்டிவிட்டு, "ஏறும், வச்சிருப்போம்" என்று இருப்பது நம் பக்கத்தில் அதிகம் காணும் தவறு. மாதச் சம்பளம் அந்தக் கம்பெனி, சேமிப்பும் அந்தக் கம்பெனி என்றால் ஒரு கெட்ட காலாண்டு இரண்டையும் சேர்த்து அடிக்கும்.

கையில் அந்த ஐந்தேகால் லட்சம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. திட்டத்தில் இடமிருந்தால், செலவுக்குத் தேவையான பங்கை மட்டும் விற்று மீதியைப் பெறலாம். ₹1,000 விலையில் 529 பங்கு விற்றால் செலவு அடைபடும், 371 பங்கு டிமாட்டில் (மின்னணுப் பங்குக் கணக்கில்) நிற்கும். நகைக்கடன் வாங்கி எக்ஸர்சைஸ் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கால மதிப்பு எங்கே போகிறது

ஸ்க்ரீனில் ₹1,000 ஸ்ட்ரைக் கால் ₹40-க்கு ஓடுகிறது. பங்கின் விலையும் ₹1,000 என்றால் இன்றைய லாபம் பூஜ்யம். அப்படியும் ஒருவர் ₹40 தருகிறார். கெடுவரை உள்ள நாட்களில் விலை ஏறலாம் என்பதற்கான விலை அது. சந்தை ஆப்ஷனைக் கெடுவுக்கு முன் கைவிட வேண்டியிருந்தால் விற்பதே முறை, அந்தக் கால மதிப்பும் சேர்ந்து கைக்கு வரும்.

ஈசாப்பிலும் கால மதிப்பு இருக்கிறது. ₹400 கட்டுவதை மூன்று ஆண்டு தள்ளிப்போட முடிந்தால், 7% வட்டியில் அந்தத் தள்ளிவைப்பு மட்டுமே ஆப்ஷனுக்குச் சுமார் ₹73. 900-க்குச் சுமார் ₹66,000. இடையில் வரும் டிவிடெண்ட் கிடைக்காது என்பதை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். விலை சரிந்தால் பணம் போடாமல் ஒதுங்கிக்கொள்ளும் வசதி இதற்கு மேல். ஆனால் இதை விற்க ஆள் இல்லை. பணம் வேண்டுமென்றால் எக்ஸர்சைஸ் ஒன்றே வழி. எக்ஸர்சைஸ் செய்த நொடியில் கால மதிப்பு காணாமல் போகும். கம்பெனியின் ஆண்டறிக்கையில், பிளாக்-ஷோல்ஸ் என்ற ஆப்ஷன் விலைச் சூத்திரத்தின்படி ஒரு ஆப்ஷனுக்கு நியாய மதிப்பு போட்டிருப்பார்கள். அது கம்பெனி தன் செலவைக் கணக்கெழுதப் போட்ட எண். அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள வெளியே யாரும் காத்திருக்கவில்லை.

விலகினால் அடி இன்னும் பலம். இந்தத் திட்டத்தில், வேலையை விட்டவர் 90 நாளுக்குள் எக்ஸர்சைஸ் செய்ய வேண்டும். ஐந்தாண்டு உரிமை ஒரே கடிதத்தில் மூன்று மாதமாகச் சுருங்குகிறது. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியே அனுப்பினால் வெஸ்ட் ஆனதும் போகும் என்று எழுதியிருக்கும் திட்டங்கள் உண்டு. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தாலோ நிலைமை நேர்மாறு: வெஸ்ட் ஆகாததும் சேர்த்து எல்லாமே வாரிசுகளுக்கு உரியதாகும். இதை வீட்டில் சொல்லி வைத்திருப்பவர்கள் குறைவு.

இரண்டு லாட் ரைட் செய்திருந்தால்

மச்சினனின் யோசனைக்கு வருவோம். பங்கு கையில் இருந்து, அதன்மேல் கால் எழுதுவது பழகிய உத்திதான். இங்கே கையில் பங்கு இல்லை, ஈசாப் இருக்கிறது. புரோக்கருக்கு அது கண்ணிலேயே படாது. அடகு வைக்கவும் முடியாது. இரண்டு லாட்டின் மதிப்பு ₹12,00,000. புரோக்கரிடம் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகையான மார்ஜின் பங்குக்குப் பங்கு மாறும். 20% என்றால்கூட ₹2,40,000 ரொக்கமாகவோ வேறு பங்காகவோ முடங்கும். விலை ஏற ஏற இன்னும் கேட்பார்கள்.

2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன் எல்லாவற்றுக்கும் கெடு நாளில் பங்கையே கொடுத்துத் தீர்க்க வேண்டும். 2025 ஜனவரி 30 வியாழக்கிழமை கெடு. பங்கு ₹1,150-ல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,200 பங்கை ₹1,000 வீதம் ஒப்படைக்க வேண்டும். இவரிடம் வெஸ்ட் ஆனதே 900. அதையும் அன்றைக்கு எக்ஸர்சைஸ் செய்து பயனில்லை: விண்ணப்பம், பணம், வரி, கம்பெனியின் ஒதுக்கீடு, சந்தையில் பட்டியல் அனுமதி, டிமாட் வரவு என்று நாட்கள், சில கம்பெனிகளில் வாரங்கள் பிடிக்கும். ஆகச் சந்தையில் ₹1,150-க்கு வாங்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போகும். நட்டம் பங்குக்கு ₹150. கால் விற்று வாங்கிய விலை (பிரீமியம்) ₹40 போக ₹110. மொத்தம் ₹1,32,000.

"ஈசாப்பும் நூத்தம்பது ஏறிருச்சே, சரிக்குச் சரி" என்று தோன்றும். வெஸ்ட் ஆன 900-ல் ஏறியது ₹1,35,000. அது சம்பளத் தலைப்பில் வரும். வரி போக ₹92,880. ஆப்ஷன் வியாபார நட்டம் தொழில் நட்டத் தலைப்பில் வரும். தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆக ₹39,120 கைநட்டம். ஹெட்ஜ் (விலை மாற்றத்துக்குக் காப்பு) என்று நினைத்துப் போட்டதில், ஏறினால் இழப்பு. ₹850-க்கு இறங்கினாலோ வெஸ்ட் ஆனதில் ₹1,35,000 குறையும், கையில் வந்ததோ ₹48,000, அதற்கும் வரி. தொழில் வருமானக் கணக்கு என்பதால் வருமான வரிக்கு ஐ.டி.ஆர்.-3 படிவமும் நிரப்ப வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே அவரைத் தடுத்திருக்க வேண்டியது வேறொன்று. காலாண்டுக் கணக்கைத் தொகுப்பவர் என்பதால் கம்பெனியின் பட்டியலில் அவர் 'குறிப்பிட்ட நபர்'. செபியின் 2015 உள்தகவல் வர்த்தகத் தடை விதிமுறைகள் அவருக்குப் பொருந்தும். காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை வர்த்தகச் சாளரம் மூடியிருக்கும், அதாவது அவர் கம்பெனிப் பங்கில் வியாபாரம் செய்யக்கூடாது. டிசம்பரில் எழுதிய கால், ஜனவரி 1 முதல் பூட்டிய அறைக்குள். முடிவுகள் ஜனவரி 29 மாலை வந்தால், கெடு 30-ஆம் தேதி. நட்டத்தை வெட்டி வெளியேற ஒரு நாள்கூட இல்லை. சாளரம் திறந்திருந்தாலும், விற்றதை ஆறு மாதத்துக்குள் திரும்ப வாங்குவது எதிர்வர்த்தகம். அதில் வரும் லாபத்தைச் செபியின் முதலீட்டாளர் நிதிக்குக் கட்ட வேண்டும். பல கம்பெனிகளின் நடத்தை விதிகள் சொந்தப் பங்கில் ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ் வியாபாரத்தையே முழுவதும் தடுக்கின்றன.

"அப்ப எங்கணக்குல போட்டுக்கிடுதேன்" என்றார் மச்சினன். அதுவும் நடக்காது. மனைவியின் உடன்பிறந்தவர், பங்கு வியாபார முடிவில் இவரைக் கலந்துகொள்பவர் என்றால், விதிமுறையின் பார்வையில் அவரும் நெருங்கிய உறவினரே. கலந்து பேசித்தானே இந்த யோசனையே வந்தது. மாதம் நாற்பத்தெட்டாயிரம் என்ற கனவுக்கும் ஒரு புள்ளிவிவரம் பதில் சொல்லும்: 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) வியாபாரம் செய்த தனிநபர்களில் 93% பேர் நட்டமடைந்ததாகச் செபியே கணக்கெடுத்துச் சொன்னது.

நாள் குறிக்கும் விதம்

அவருக்கு முன்னால் இருந்தவை இரண்டு கேள்விகள். ஜூலை வரை பொறுப்பதா? எந்த நாளில் எக்ஸர்சைஸ் செய்வது?

ஜூலையில் வெஸ்ட் ஆகும் 300-ன் மதிப்பு, இன்றைய விலையில், வரி போக ₹1,23,840. புதிய வேலையில் மாதம் ₹25,000 கூடுதலாகக் கையில் வந்தால் ஐந்து மாதத்தில் அது ஈடாகிவிடும். அந்த அளவு உயர்வு இல்லையென்றால் பொறுப்பது நல்லது. புதிய கம்பெனியிடம், விட்டுப்போகும் ₹1,80,000-ஐச் சேர்க்கை போனஸாகக் கேட்பதும் வழக்கத்தில் உள்ளதே. வெஸ்டிங் அட்டவணையின் நகலைக் காட்டினால் பேச்சு எளிதாகும். பொறுப்பதென்றால், வெஸ்டிங் நிற்பது ராஜினாமா கடித நாளிலா, கடைசி வேலை நாளிலா என்று திட்டப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். நோட்டீஸ் காலத்தில் வெஸ்ட் ஆகும் என்று நம்பி ஜூன் மாதம் கடிதம் கொடுத்து 300-ஐயும் இழப்பது சாதாரணமாக நடக்கிறது.

எக்ஸர்சைஸ் நாள் அதைவிட நுட்பம். சாளரம் மூடியிருக்கும்போதும் எக்ஸர்சைஸ் செய்யலாம், விற்கத்தான் கூடாது. ஜனவரி 6 அன்று செய்தால் அன்றைய விலைக்கு வரி எழுதப்படும்; விற்க மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட இறக்கம் முழுவதும் அவர் தலையில். முடிவு வந்து 48 மணி நேரம் கழிந்தபின், பிப்ரவரி 3 திங்கட்கிழமை விண்ணப்பித்தால், பங்கு டிமாட்டுக்கு வரும்போது சாளரம் திறந்திருக்கும். முன் அனுமதி வாங்கி ஏழு வர்த்தக நாளுக்குள் விற்க வேண்டும். பங்கு வரவானபின் அனுமதி கேட்பதே பத்திரம். மார்ச் 31-க்குள் எல்லாம் முடிய வேண்டும். விற்றபின் ஆறு மாதம் அதே பங்கைச் சந்தையில் வாங்கக்கூடாது. மீதி ஈசாப்பை எக்ஸர்சைஸ் செய்ய மட்டும் தடையில்லை.

விலகிய பிறகு 90 நாள் இருக்கிறதே என்று தள்ளுவதில் உள்ள ஆபத்தையும் பார்த்துவிடலாம். கடைசி வேலை நாள் மார்ச் 15 என்றால் கெடு ஜூன் 13. ஏப்ரல் 1-ல் சாளரம் மூடும். ஆண்டு முடிவுகளை மே 30 வரை வெளியிடக் கம்பெனிக்கு நேரம் உண்டு. விலகியவரும் ஆறு மாதம் வரை கம்பெனியோடு தொடர்புடையவராகவே கருதப்படுவார். முடிவுகள் கடைசி நாளில் வந்தால், சாளரம் திறந்தபின் எக்ஸர்சைஸ் செய்ய மிஞ்சுவது சுமார் இரண்டு வாரம். ஈசாப் தளத்தின் நுழைவு அலுவலக மின்னஞ்சலில் இருந்தால், அது கடைசி நாள் மாலையே அடைபடும். சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

பட்டியலாகாத கம்பெனியின் ஈசாப் என்றால் இந்தக் கணக்கில் சரிபாதி மாறும். ஸ்க்ரீனே இல்லை, மதிப்பை மெர்ச்சண்ட் பேங்கர் ஒருவர் எழுதித் தர வேண்டும், அந்த மதிப்பீடு 180 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. வரி அப்போதும் உண்டு, விற்கத்தான் ஆள் கிடைக்காது. வருமான வரிச் சட்டத்தின் 80-ஐ.ஏ.சி. பிரிவில் சான்று பெற்ற ஸ்டார்ட்-அப் ஊழியருக்கு மட்டும் அந்த வரியைத் தள்ளிவைக்கும் சலுகை உள்ளது. ஆனால் வேலையை விட்டால் 14 நாளுக்குள் அது விழும்.

கடைசியாக வருமான வரிப் படிவம். எக்ஸர்சைஸில் வந்த பங்கை விற்றதும் புரோக்கரின் லாப நட்ட அறிக்கை வாங்கிய விலையைப் பூஜ்யம் என்றோ ₹400 என்றோ காட்டும். அதை அப்படியே படிவத்தில் ஏற்றினால், ஏற்கெனவே சம்பளத்தில் வரி கட்டிய ₹5,40,000 மீண்டும் குறுகிய கால ஆதாயமாக வரும். 20% வரியும் செஸ்ஸும் சேர்ந்து குறைந்தது ₹1,12,320 வீணாகப் போகும். வாங்கிய விலை ₹1,000 என்பதே சரி. வைத்திருந்த காலம் பங்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும். 2021 ஜூலையிலிருந்து அல்ல. படிவம் 16-ஓடு வரும், சலுகை வருமானங்களைப் பட்டியலிடும் 12பிஏ-வில் அந்த ₹5,40,000 இருக்கிறதா என்று பார்த்து, கம்பெனி தந்த எக்ஸர்சைஸ் கடிதத்தின் நகலோடு ஆடிட்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.